மூன்றாம் லயம்: எண்ணிக்கை ஒன்று

1. முதல் நாள்

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நாங்கள் சர்வே எடுக்கப் போன முதல் நாள் காலையிலேயே இரண்டு டேப்லட் மழையில் நனைந்து செத்துப்போயின. மூன்றாவது, பெர்னாட்டின் கையிலிருந்து நழுவிச் சாக்கடையில் விழுந்தது. ஈப்போ ஆபீசுக்குப் போன் செய்து சொன்னேன். "பேப்பர் பாரம் எடுத்துட்டுப் போயிருக்கீங்கல்ல கோமதி, அப்புறம் என்ன?" என்றார் எங்கள் டைரக்டர். அவரை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் அவருக்குத் தெரியாது.

நான் அப்போது பீல்ட் சூப்பர்வைசர். எந்தச் சோப்பு போட்டுக் குளிக்கிறீர்கள் என்பதில் தொடங்கி, எத்தனை பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கிறீர்கள் என்பது வரை அடுத்தவர் கதவைத் தட்டிக் கேட்டே முப்பது வருடம் பிழைத்தவள். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. பெர்னாட் என் டீமில் மூத்தவர். முன்பு இன்சூரன்ஸ் விற்றவர் என்பதால் எந்த வீட்டிலும் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டு வருவாரே தவிர, சந்தேகப்படத் தெரியாது.

இந்த வேலையை எங்களுக்குக் கொடுத்தது ஓர் அறக்கட்டளை. தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இப்போது யார் இருக்கிறார்கள், ஓய்வுபெற்றால் எங்கே போவார்கள், அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க வழி உண்டா என்று அறிந்துகொள்ள நினைத்தார்கள். நல்ல நோக்கம்தான். தோட்ட நிர்வாகமும் அனுமதி கொடுத்தது. ஒரே நிபந்தனை, ரிப்போர்ட்டின் டிராப்ட்டை முதலில் தாங்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். எங்கள் தொழிலில் இது வழக்கமான நிபந்தனை. நானும் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

தோட்டத்தில் ஐந்து லயம். பாதிக்கு மேல் நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்கள். மிச்சத்தில் நம்மவர்கள். வீட்டுக்கு ஒரு விதி இருந்தது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். கடைசி ஆளும் ஓய்வுபெற்றாலோ வேலையை விட்டாலோ, தவணை முடிந்ததும் வீட்டைக் காலி செய்து ஆபீசில் கிராணியிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். தோட்ட ஆபீஸ் தலைமை எழுத்தரை இன்னும் கிராணி என்றுதான் சொல்கிறார்கள். மானேஜர் இன்னும் துரைதான்.

2. அரிசிக் கேள்வி

"வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. இதைப் புதிதாக வருகிற எல்லாருக்கும் சொல்வேன். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகனையும் சேர்த்துச் சொல்வார்கள். கோபித்துக்கொண்டு போன மருமகளை விட்டுவிடுவார்கள். அதனால் நான் சுற்றி வளைத்துக் கேட்பேன். "நேற்று ராத்திரி எத்தனை டின் அரிசி போட்டீர்கள்?" லயத்து வீடுகளில் இன்னும் பால் டின்னில்தான் அரிசி அளக்கிறார்கள். அரிசிக்குப் பொய் சொல்லத் தெரியாது. இந்தக் கேள்வி என் சொந்தக் கண்டுபிடிப்பு. டிரெயினிங் வகுப்புகளில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம், பிரிஞ்சாங்கில் நாங்கள் தங்கியிருந்த ஹோட்டல் அறையில் பாரங்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் லயத்துப் பாரத்தில் ஒன்று இடித்தது. ஏழாம் எண் வீட்டில் சரவணன் என்பவர் கணவனாக எழுதப்பட்டிருந்தார். அதே லயத்தில் பதினோராம் எண் வீட்டில் அதே சரவணன் அக்காள் மகனாக இருந்தார். அடையாள அட்டை ஐசி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் ஒன்றுதான்.

"என்ன பெர்னாட் இது? ஒரே ஆளு ரெண்டு வீட்டுல இருக்காரு?"

"அவங்க சொன்னாங்க, நான் எழுதுனேன் லா. ஒருவேள ரெண்டு வீட்டுலயும் சாப்புடுறாரோ என்னமோ."

"சாப்புடுவாரு, சாப்புடுவாரு. நாளைக்கு நான் போயி பாக்கறேன்."

எழுதிய பாரங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் மறுபடி அதே வீட்டுக்குப் போய்ச் சரிபார்ப்பதற்கு பேக்-செக் என்று பெயர். பலருக்கு அது பிடிக்காத வேலை. எனக்கு அதில்தான் ருசி.

3. பதினோராம் எண் வீடு

மறுநாளும் மழை. பதினோராம் எண் வீட்டுக் கதவைத் தட்டினேன். அஞ்சலை என்று பாரத்தில் இருந்தது. அறுபது தாண்டியவர். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பிறகு, திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்து ஷெட்டில் முட்டைக்கோசுக்கு வெளி இலை கழித்துக் கூடையில் அடுக்குகிற வேலை. அன்று ரோட்டில் மண் சரிந்து லோரி வராததால் வீட்டில் இருந்தார்.

"சர்வேயா? நேத்துதான ஒரு அண்ணன் வந்து எழுதிட்டுப் போனாரு."

"அவரு எழுதுனது சரியான்னு பாக்க வந்திருக்கேங்க. ரெண்டு கேள்விதான்."

"மொதல்ல உள்ள வாங்க, நனையாதீங்க. பசியாறிட்டீங்களா?"

ஆயிற்று என்றாலும் விடவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை நோட்டம் விட்டேன். கதவருகே ஒரே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். கொடியில் ஆண்பிள்ளை உடுப்பு ஒன்றும் இல்லை. எங்கள் பேப்பர், "சந்தேகம் இருந்தால் அழைக்கவும்" என்று என் கைத்தொலைபேசி எண் போட்டது, கதவின் உட்பக்கம் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. எல்லா வீட்டுக்கும் கொடுப்போம். ஒட்டி வைத்த வீட்டை அன்றுதான் பார்த்தேன்.

"நேத்து ராத்திரிக்கு எத்தன டின்னு அரிசி போட்டீங்க?"

"எனக்கு அர டின்னு போதும் லா. காலைக்கும் சேத்து."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முந்தானையால் மேசையைத் துடைத்தார். மேசையில் ஒன்றுமே சிந்தியிருக்கவில்லை.

"சரவணனுக்கு?" என்றேன்.

"நீங்க ஆபீசு ஆளா?"

"இல்லங்க. ஈப்போலேருந்து வர்றோம். தோட்டத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்ல."

"எம் பேரு வருமா?"

"வராதுங்க. யாரு பேரும் எங்கயும் வராது. வெறும் நம்பர்தான் வரும். அதுக்கு நான் பொறுப்பு."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பகமான முகம் எனக்கு. முப்பது வருடம் அதை வைத்துத்தான் பிழைப்பு ஓடியது.

"எங்க லயத்துல இது உள்ளதுதான்" என்று தொடங்கினார். "ஒரு வீட்டுல வேல செய்ற ஆளு இல்லாமப் போச்சுன்னா, ரெண்டு மூணு ஆளு வேல செய்ற வீட்டுலேருந்து ஒருத்தரு பேரு குடுப்பாங்க. ஆபீசு புக்குல மட்டும் அவரு இங்க இருப்பாரு. மத்தபடி அவரு வீட்டுல அவரு இருப்பாரு. கங்காணிக்குத் தெரியும். கிராணிக்கும் தெரியும்னுதான் நெனைக்கறேன். அவங்க கேக்க மாட்டாங்க, நாங்க சொல்ல மாட்டோம்."

"சரவணன் சொந்தமா?"

"சொந்தம்லாம் இல்ல. அவன் அம்மா சீக்கா கெடந்தப்ப நான் பாத்துக்கிட்டேன். அவன் பேரு குடுத்தான். நாளைக்கு அவனுக்கு ஒருத்தரு குடுப்பாங்க."

பேர் கொடுப்பது. எத்தனையோ தோட்டம் சுற்றியிருக்கிறேன், கேள்விப்பட்டதில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம் பொங்கியது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அரிசிக் கேள்வி மறுபடியும் ஜெயித்துவிட்டது.

பிறகு பாரத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். "இவ்வளவு கஷ்டப்பட்டு இந்த வீட்டுலயே ஏங்க இருக்கணும்? வேல செய்ற எடத்துல கொங்சி இருக்கும்ல?"

காய்கறித் தோட்டங்களில் தொழிலாளர்கள் தங்குவதற்குப் பலகை அடித்துப் போட்ட கொட்டகையைக் கொங்சி என்பார்கள், முதலாளியைத் தவுக்கே என்பார்கள்.

"கொங்சி இருக்கு. தவுக்கே வரச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு." கதவுப் பக்கம் பார்த்தார். "எனக்கு ஒரு பொண்ணு. புவனா. ஒருத்தனக் கட்டிக்கிறேன்னு நின்னா. நான் வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். போயி ஆறு வருசம் ஆச்சு. அப்ப எங்கிட்ட போனு கூட இல்ல. அவ நம்பரும் எனக்குத் தெரியாது, என் நம்பரும் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சது இந்த வீடு ஒன்னுதான். இந்த வாசப்படிய மிதிக்காதன்னு சொன்னவ நான்தான். மனசு மாறி மிதிக்க வந்தான்னா, வாசப்படியும் இருக்கணும், நானும் இருக்கணும்ல?"

டீயைக் குடித்து முடித்தேன். பாரத்தில் சரவணன் பெயரைச் சிவப்புப் பேனாவால் அடித்து, பக்கத்தில் என் இனிஷியல் போட்டேன். கிளம்பும்போது, "உள்ளதச் சொல்லிட்டேன். பாத்துக்குங்க" என்றார். "கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4. அடிக்குறிப்பு

வெளியூரில் மழையில் நனைவதைவிட ஆபீசில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுவது கஷ்டம். அதற்கென்று ஒரு மொழி இருக்கிறது. அழுதார் என்று எழுதக் கூடாது, பதிலளித்தவர் கவலை தெரிவித்தார் என்று எழுத வேண்டும். கூரை ஒழுகுகிறது என்று எழுதக் கூடாது, கூரையின் நிலை திருப்திகரமாக இல்லை என்று எழுத வேண்டும். நான்காம் அத்தியாயத்தை என்னிடம் கொடுத்தார்கள். குடும்பங்களின் நிலை பற்றியது. பட்டதாரிகள் இருக்கும்போது பீல்டில் அலைகிறவளிடம் அத்தியாயம் கொடுத்தது எனக்குப் பெருமையாக இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை பார்த்து எழுதினேன்.

அதில் பதினான்காம் அட்டவணை என்னுடையது. தோட்டத்தில் வேலை செய்கிறவர் எவரும் இல்லாத வீடுகள், லயம் வாரியாக. மற்ற லயங்களில் இருந்தவை ஓய்வுபெற்றுத் தவணையில் இருந்த வீடுகள். ஆபீசுக்கே தெரிந்தவை. மூன்றாம் லயத்துக்கு நேரே ஒன்று என்று வந்தது. பக்கத்துக் கட்டங்களில் பெண், அறுபதுக்கு மேல், தனியாக வாழ்பவர் என்பதற்கும் ஒன்று, ஒன்று, ஒன்று.

டாக்டர் டிராப்ட்டைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"கோமதி, மூணாம் லயத்துல ஒன்னுன்னு இருக்கே. ரொம்பச் சின்ன நம்பர். அஞ்சு லயத்தையும் ஒன்னாக் கூட்டிப் போட்டுடலாமா?"

"மூணு நாள் மழையில நனைஞ்சு கண்டுபிடிச்ச நம்பர் டாக்டர். கூட்டிட்டா அந்த வேலையே தெரியாமப் போயிடும்."

"இல்ல, எதுக்கும் ஒரு..."

"உண்மைதான டாக்டர்? உண்மையத்தான போடறோம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, உங்க சாப்டர்" என்று விட்டுவிட்டார். சிறிய எண்ணைத் தனியாகக் காட்டாதே என்பது எங்கள் மேனுவலிலேயே இருக்கிற விதி. நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன். பெரிய அரசாங்கக் கணக்கெடுப்புக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் கொஞ்சம் அதட்டியிருக்கலாம் என்று இப்போதும் சில நாள் தோன்றும். என் தப்பில் அவருக்கும் பங்கு போட்டுப் பார்க்கிற புத்தி அது.

அதோடு விட்டேனா? பேக்-செக் எவ்வளவு கவனமாகச் செய்தோம் என்று காட்ட அட்டவணைக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பும் எழுதினேன். "இவ்வீட்டில் வசிப்பதாகப் பதிவாகியிருந்த தொழிலாளி அதே லயத்தில் வேறொரு வீட்டில் குடும்பத்துடன் வசிப்பது சரிபார்ப்பில் தெரியவந்து, பதிவு திருத்தப்பட்டது." ஒரு பிழை இல்லாத வாக்கியம். எழுதி முடித்து இரண்டு முறை வாசித்துப் பார்த்து ரசித்தேன்.

ரிப்போர்ட்டின் கடைசியில் பரிந்துரைகள் உண்டு. ஓய்வுக்குப் பின் தனியே வாழும் பெண்களை லயத்து வீடுகளிலிருந்து வெளியேற்றக் கூடாது என்பதை டாக்டரிடம் வாதாடி நான்தான் சேர்க்க வைத்தேன். அஞ்சலையை மனத்தில் வைத்துத்தான் எழுதினேன். டிராப்ட் தோட்டத்துக்குப் போயிற்று. இரண்டு பக்கத்தில் கருத்து வந்தது. தோட்டத்தின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று, சாக்கடைப் படத்தை எடுத்துவிட்டு வேறு படம் போடுங்கள், அவ்வளவுதான். அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தப்பித்தோம் என்று நாங்கள் பிரிண்டுக்குக் கொடுத்தோம்.

5. கிராணி சொன்னது

பைண்டு செய்த பிரதிகளை எடுத்துக்கொண்டு நான் மறுபடி மலை ஏறியது சில மாதம் கழித்து. துரை ஊரில் இல்லை. கிராணி வாங்கிக்கொண்டார். ஓய்வுபெறும் வயதில் இருந்த, அமைதியான மனிதர். புத்தகத்தைத் திறக்காமல் மேசையில் வைத்தார்.

"நல்லா எழுதியிருந்தீங்க. டிராப்ட தொர முழுசும் படிச்சாரு. பதினாலாவது டேபிள்ல வெரல வெச்சு, இது யாரு வீடுன்னு கேட்டாரு."

"நாங்க பேரு போடலயே" என்றேன்.

"மூணாவது லயத்துல தமிழாளு வீடு எத்தன இருக்கும்னு நெனைக்கறீங்க? அதுல தனியா இருக்கற வயசான பொம்பள எத்தன பேரு? பேரு எதுக்குங்க? அது பத்தாதுன்னு கீழ ஒரு வரி வேற எழுதியிருந்தீங்க. அதுல சரவணனும் மாட்டிக்கிட்டான்."

"அவங்க... இப்ப எங்க?"

"சாவிய அந்தம்மாவே கொண்டாந்து குடுத்துட்டாங்க. சண்ட போடல, அழுகல. எம் பொண்ணு வந்தா சொல்லுங்கன்னாங்க. எங்க இருப்பீங்கன்னு கேட்டேன், திரிங்காப்புன்னாங்க. சரவணனுக்கு வார்னிங் லெட்டர் குடுத்தாங்க. அவன் வேண்டான்னுட்டு குடும்பத்தோட ஜொகூருக்குப் போயிட்டான்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"இத்தன வருசமா எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கறீங்க மேடம்? தெரியும். எழுத்துல இல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கலாம். நீங்க எழுதி, டேபிள் போட்டு, நம்பர் போட்டுக் குடுத்துட்டீங்க. அப்புறம் நான் எப்படித் தெரியாதுன்னு சொல்றது?"

பரிந்துரையைப் படித்தீர்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அது கடைசிப் பக்கங்களில் இருந்தது. துரைக்கு வேண்டியது நடுவிலேயே கிடைத்துவிட்டது.

லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். பதினோராம் எண் வீட்டு வாசலில் ஐந்தாறு ஜோடி பூட்ஸ் வரிசையாக இருந்தன. வேலைக்குப் போகாத ஒரு நேப்பாள இளைஞர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுத் திரும்பினேன்.

ஈப்போவுக்கு இறங்கும் ரோடு திரிங்காப்பு வழியாகத்தான் போகிறது. ரோட்டோரம் ஷெட்டுகளில் பெண்கள் உட்கார்ந்து கோசு கழித்துக்கொண்டிருந்தார்கள். காடியை மெதுவாக ஓட்டினேன். எந்த ஷெட்டு என்று இறங்கிக் கேட்டிருக்கலாம். பாரத்தில் அவர் போன் எண் இருந்தது, ஆபீசுக்குப் போன் போட்டால் பெர்னாட் எடுத்துக் கொடுத்திருப்பார். கூப்பிட்டால் என்ன சொல்வது? பேர் வரவில்லையே அம்மா, சொன்ன வாக்கைக் காப்பாற்றினேனே என்றா? நிறுத்தாமல் போய்விட்டேன். அடுத்த வாரம் என்றேன், அடுத்த மாதம் என்றேன்.

6. வாக்கு

ரிப்போர்ட் முடிந்து ஆறு மாதத்துக்குள், பெயரும் போன் எண்ணும் இருக்கிற எல்லாத் தாளையும் அழித்துவிட வேண்டும். கம்ப்யூட்டரில் இருப்பதையும்தான். பதிலளித்தவர்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் வாக்கு அது. ஷ்ரெட்டர் முன்னால் உட்கார்ந்து நானே செய்தேன். ஒவ்வொரு பாரமாக உள்ளே விட்டால் பொடிப் பொடியாக விழும்.

பதினோராம் எண் வீட்டுப் பாரம் வந்தது. சிவப்புக் கோடு, என் இனிஷியல், மேலே அஞ்சலையின் போன் எண். எண்ணைக் குறித்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். விதிப்படி கூடாது. ஒரு விதியை மீறி அந்தம்மாவை வீட்டை விட்டு அனுப்பியாயிற்று, இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தேன். பாரத்தை உள்ளே விட்டேன். அழித்ததற்கான சான்றிதழில் கையெழுத்தும் போட்டேன்.

அந்த வருடக் கடைசியில் ஓய்வுபெற்றேன். நல்லபடியாக விருந்து வைத்து அனுப்பினார்கள்.

7. போன்

ஓய்வுபெற்று நாலைந்து மாதம் இருக்கும். மத்தியானம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"ஹலோ, சர்வே ஆபீசுங்களா?"

"இல்லம்மா, இது என் சொந்த நம்பர். யாரு வேணும்?"

"நான் தேயிலத் தோட்டத்துலேருந்து பேசறேன். இங்க எங்கம்மா வீட்டுல நேப்பாளக்காரங்க இருக்காங்க. கதவுக்குப் பின்னால ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு, அதுல தமிழ்ல எழுதி இந்த நம்பர் போட்டிருக்கு. எங்கம்மா எங்க போனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அஞ்சலைன்னு பேரு."

நான் ஈரத் துணியோடு அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

"நீங்க புவனாவா?"

"எம் பேரு எப்படித் தெரியும்? அம்மா எம் பேரு சொன்னாங்களா? என்ன சொன்னாங்க?" என்று கேள்விகளை அடுக்கினாள்.

"சொன்னாங்கம்மா. நீங்க வந்தா வீட்டுல இருக்கணும்னு சொன்னாங்க."

"அவங்க போன் நம்பர் இருக்கா உங்ககிட்ட? இங்க அம்மா எங்கன்னு தெரிஞ்சவங்க யாருமே இல்ல. கிராணி மாறிட்டாரு. ஆபீசுல யாரக் கேட்டாலும் புது ஆளுங்க."

"இருந்திச்சு" என்றேன். "அழிச்சிட்டேன்மா."

"ஏன்?"

"நேர்ல வந்து சொல்றேன்மா" என்றேன்.

மறுநாளே மலை ஏறினேன். புவனாவும் நானும் திரிங்காப்பில் ஷெட்டு ஷெட்டாக ஏறி இறங்கினோம். ஒரு ஷெட்டில், "அஞ்சல அக்காவா? எங்ககூடத்தான் கொங்சில இருந்தாங்க. தவுக்கே அந்த நெலத்த விட்டுட்டாரு, எல்லாரும் கலஞ்சு போயிட்டோம்" என்றாள் ஒரு பெண். கியா பார்ம் பக்கம் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கம் கிளந்தான் எல்லையில் ஒரு தோட்டத்துக்கு லோரியில் போனதாக இன்னொருத்தி சொன்னாள். கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கும் கடைகளைக்கூட விடவில்லை. ஷெட்டுப் பெண்களிடம் இருந்த அஞ்சலையின் போன் எண்ணும் இப்போது சேவையில் இல்லை. ஜொகூரில் இருந்த சரவணனைப் போனில் தேடிப் பிடித்தோம். அவருக்கும் தெரியவில்லை. என்னிடம் அவர் பேசவில்லை, புவனாவிடம் மட்டும் பேசினார்.

மூன்றாம் நாள் பிரிஞ்சாங்கில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் பாய் கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். புவனாவிடம் அதற்குள் நடந்ததெல்லாம் சொல்லிவிட்டிருந்தேன். அரிசிக் கேள்வி, சிவப்புப் பேனா, அட்டவணை, அடிக்குறிப்பு, எதையும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த ரிப்போர்ட்டு இருக்கா?" என்று கேட்டாள்.

என் பிரதி பையில் இருந்தது. முப்பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். மூன்றாம் லயத்துக்கு நேரே விரலை வைத்தாள். விரல் கட்டம் கட்டமாக நகர்ந்தது.

"இதுதான் எங்கம்மாவா?"

"ஆமாம்மா."

"தனியாக வாழ்பவர், ஒன்னு" என்று வாய்விட்டுப் படித்தாள். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு, "இத நான் வச்சுக்கட்டுமா? எங்கிட்ட அம்மா போட்டோ கூட இல்ல" என்றாள்.

தாளை நானே கிழித்துக் கொடுத்தேன். நான்காக மடித்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு வருடம் ஆகிறது. மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். "ஏதாச்சும் தெரிஞ்சிச்சா அக்கா?" என்பாள். நானும் அதையேதான் அவளிடம் கேட்கிறேன்.

பழைய ஆபீசில் புதியவர்களுக்கு டிரெயினிங் என்றால் இன்னும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அரிசிக் கேள்வியை நான் இப்போது சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரே விஷயம்தான் சொல்கிறேன். அட்டவணையில் எங்காவது ஒன்று என்று வந்தால் பேனாவை வைத்துவிடுங்கள். அது எண் இல்லை, ஓர் ஆள். அந்த ஆளுக்கு டீ போட்டுக் கொடுக்கும் கை இருக்கும், ஒரு வாசற்படி இருக்கும். பக்கத்துக் கட்டத்தோடு கூட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டத்தையே எடுத்துவிடுங்கள். உங்கள் வேலை வெளியே தெரியாமல் போனால் போகட்டும்.

பிறகு என் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துப் புரட்டச் சொல்வேன். முப்பத்தெட்டாம் பக்கத்துக்குப் பிறகு நாற்பத்தொன்று வரும். ஒரு தாள் குறைகிறதே மேடம் என்பார்கள்.